மயில் தோகையில் ஒன்பது கண்கள்

அக்டோபர் 9, புதன்

உதை: 13.

இந்த நோட்டு டாக்டரம்மாவின் உத்தரவு. தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்து, இரண்டு மணி நேரத்தில் குழந்தை எத்தனை முறை உதைக்கிறது என்று எண்ணி எழுத வேண்டும். பத்துக்குக் குறைந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடி வர வேண்டும். எண்ணை மட்டும் எழுதினால் பக்கத்தில் முக்கால்வாசி சும்மா கிடக்கிறது. அதனால் நானும் கொஞ்சம் எழுதி வைக்கிறேன்.

வளைகாப்பு முடிந்து திருப்பூரிலிருந்து குன்னூருக்கு வந்து இருபது நாள் ஆகிறது. தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான். இதில் எனக்கு எந்த மாற்றுக் கருத்தும் இல்லை. அங்கே என் மாமியார் பாவாத்தாள் அத்தை, நான் குனிந்தால் "குனியாத கண்ணு", நிமிர்ந்தால் "வெடுக்குன்னு நிமிராத கண்ணு" என்று பின்னாலேயே நடப்பார். இங்கே என்னை மனுஷியாக நடத்துகிறார்கள். ஒரே குறை, அம்மாவுக்கு ரசம் வைக்க வராது.

இன்றைய செய்தி: மயிலின் கழுத்தில் விரிசல்.

எங்கள் வீடு மலைச் சரிவை வெட்டிக் கட்டியது. பின்கதவைத் திறந்தால் பத்தடி முற்றம், மேலே தகரக் கூரை. முற்றத்துக்குப் பின்னால் பன்னிரண்டு அடி உயரத்தில் கல்கட்டு. மேட்டு மண் எங்கள் சமையலறைக்குள் குடிவராமல் பிடித்துக்கொண்டிருப்பது அதுதான். சிமெண்ட் இல்லாமல் வெறும் கல்லை அடுக்கிக் கட்டிய பழைய கட்டு. போன வருடம் என் கல்யாணத்துக்காக அதை வழவழவென்று பூசி, அதன் மேல் அப்பா இரண்டு மாதம் ஏணியில் நின்று தோகை விரித்த மயில் வரைந்தார். அப்பா செல்வநாயகம் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். பூசுவது அவருடைய யோசனைதான். நலங்கு போட்டோ முழுக்க அந்த மயிலுக்கு முன்னால் எடுத்தது.

அந்தக் கழுத்தில் இப்போது தலைமுடி கனத்தில் ஒரு கோடு. அம்மா துணி காயப்போடும்போது பார்த்திருக்கிறாள்.

அக்டோபர் 11, வெள்ளி

உதை: 15. சுண்டல் பிடித்திருக்கிறது போல.

ஆயுத பூஜை. அப்பா தன் தூரிகைகளுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டு, மயிலுக்கும் ஒரு பொட்டு வைத்தார். விரிசலில் வெள்ளை சிமெண்ட் அடைத்து நீலம் தீட்டியாகிவிட்டது. "இப்பப் பாரு, எங்க இருந்துச்சுன்னு காட்டு" என்று சவால் விட்டார். என்னால் காட்ட முடியவில்லை. மனிதர் கை அப்படி.

அக்டோபர் 14, திங்கள்

உதை: 12.

மழை பிடித்துக்கொண்டது. பக்கத்து வீட்டு லில்லி அக்காவின் கல்கட்டு கல்லுக்குக் கல் கசிகிறது. மழை நின்ற பிறகும் சொட்டுகிறது, முற்றமெல்லாம் பாசி. நம்முடையதைப் பார்த்தால் ஒரு சொட்டு இல்லை. "பூசினா இப்படிப் பூசணும்" என்று அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். தகரக் கூரையின் கீழ் மயில் காய்ந்து போய் அழகாக நிற்கிறது. தோகையின் ஒன்பது கண்களும் போன வருடம் போலவே பளபளக்கின்றன.

கண்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

அக்டோபர் 17, வியாழன்

உதை: 11.

விரிசல் திரும்பி வந்துவிட்டது. இம்முறை என் சுண்டுவிரல் நகம் உள்ளே போகிறது. கழுத்துக்குக் கீழே சுவர் லேசாக உப்பியிருக்கிறது. மயில் எதையோ மெல்லாமல் முழுங்கிவிட்டு நிற்பது போல் இருக்கிறது.

அம்மா காண்டிராக்டர் ஒருவரை வரச் சொன்னாள். படிக்கட்டில் காட்டெருமை நின்றதால் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தார். வந்தவர் சுவரை இரண்டு தட்டு தட்டினார்.

"இது போச்சுங்கம்மா. புதுசா கான்கிரீட் தடுப்புச் சுவர் எழுப்பணும். அஸ்திவாரம் தோண்டணும்னா இந்தச் சமையல்கட்டை எடுத்துடணும். மூணு மாசம் வீட்ல ஆள் இருக்கக் கூடாது."

"பொண்ணு மாசமா இருக்காளே" என்றாள் அம்மா.

"அதுக்குத்தான் சொல்றேன்."

அம்மா அவருக்கு டீ கொடுக்க மறந்துவிட்டாள். அம்மா டீ கொடுக்க மறந்து நான் பார்த்ததே இல்லை. எனக்காக அவள் ஒரு மாதமாகப் பழைய வேட்டிகளை வெள்ளாவி போலத் துவைத்து, தொட்டில் துணியாக மடித்து வைத்திருக்கிறாள். அந்த அலமாரியின் முன்னால் போய் நின்றாள், திறக்கவில்லை.

பூபதிக்குப் போன் செய்தேன். "பேசாம இங்க வந்துரு. எங்கம்மா இருக்குதல்ல, பாத்துக்கும்" என்றார். போனை வைத்துவிட்டு அழுதேன். குழந்தை ஓங்கி ஒரு உதை விட்டது. அதையும் சேர்த்தால் 12.

அக்டோபர் 19, சனி

உதை: 14.

அப்பா காண்டிராக்டரை நம்பவில்லை. தன் பழைய மாணவன் ஜெரால்டை அழைத்துவந்தார். ஜெரால்டு இப்போது என்ஜினியர். எட்டாம் வகுப்பில் மாம்பழம் வரையச் சொன்னால் பலாப்பழம் வரைந்து அப்பாவிடம் கொட்டு வாங்கியவராம். நிதானமான ஆள். மேட்டில் ஏறிப் பார்த்தார், உப்பலை அளந்தார், பிறகு கேட்டார்:

"சார், இதுல தண்ணி வெளிய வர்றதுக்கு ஓட்டை விட்டிருக்கீங்களா?"

அப்பா கன்னத்தைச் சொறிந்தார். தோகையைப் பார்த்தார். பிறகு, "விட்டிருக்கேன்பா. மேஸ்திரி ஒன்பது பைப் வச்சார். அந்தப் பைப் வாயையே தோகைக் கண்ணா வச்சு வரைஞ்சேன்" என்றார்.

ஜெரால்டு ஒரு கண்ணுக்குக் கீழே விரலால் தடவினார். விரலில் தூசி.

"ஓட்டை இருந்தும் இந்த மழைக்கு ஒரு சொட்டு வரல. அப்ப உள்ள தண்ணி இல்ல. தண்ணி தள்ளலேன்னா மண்ணுதான் நகருது சார்."

எனக்குத் தலை சுற்றியது. உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன். கர்ப்பம் என்றால் தலை சுற்றத்தானே செய்யும்.

விரிசலுக்குக் குறுக்கே இரண்டு கண்ணாடிப் பட்டைகளைச் சிமெண்ட் வைத்து ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். உடைந்தால் புதுச் சுவர் வேண்டும், வீட்டைக் காலி செய்ய வேண்டும். உடையாவிட்டால் பழைய கட்டே போதும். இனி தினமும் நானும் கண்ணாடியும்.

அக்டோபர் 20, ஞாயிறு

உதை: 13. கண்ணாடி: முழுசு.

அக்டோபர் 21, திங்கள்

உதை: 12. கண்ணாடி: முழுசு.

அப்பாவின் குடையில் ஒரு கம்பி வளைந்து நுனி முறிந்திருக்கிறது. "காத்து" என்றார். இன்று காற்றே இல்லை. சட்டைக் கையில் நீலப் பொடி வேறு. இந்த வயதில் பள்ளிக்கூடத்தில் என்னதான் செய்கிறாரோ.

அக்டோபர் 22, செவ்வாய்

உதை: 13. கண்ணாடி: முழுசு.

ஒன்பது சின்னத் துணி உருண்டைகளால் ஒரு மலைச் சரிவு நகருமா? நகராது. அறிவுள்ள யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

அக்டோபர் 24, வியாழன்

உதை: 10.

இரண்டு நாள் விடாத மழை. காலையில் மேல் கண்ணாடி நடுவில் கீறிவிட்டிருந்தது.

ஜெரால்டு போனில், "இன்னொண்ணும் உடைஞ்சா அங்க இருக்காதீங்க சார். சுவர் கட்டித்தான் ஆகணும்" என்றார். அப்பா "சரிப்பா" என்று மூன்று முறை சொன்னார். அம்மா தொட்டில் துணிகளை எடுத்து ஒரு பையில் போட்டாள், எனக்குத் திருப்பூருக்குக் கொண்டுபோக. அவள் கூட வர முடியாது. வீட்டைக் காலி செய்யும் வேலை அவள் தலையில்தான் விழும்.

ஞாயிற்றுக்கிழமை அத்தை வந்து என்னைக் கூட்டிப் போகிறாராம். பூபதிக்குத் தீபாவளி ஆர்டர் வேலை, நகர முடியாது. அந்தம்மாவோடு மலைப் பாதையில் மூன்று மணி நேரம் பஸ்ஸில். என் தலைவிதி.

அக்டோபர் 27, ஞாயிறு

உதை: 14. கண்ணாடி: கீழ்ப்பட்டை முழுசு.

அத்தை வந்துவிட்டார். ஒரு கையில் பை, ஒரு கையில் தூக்குவாளி. தூக்குவாளியில் ரசம். திருப்பூரிலிருந்து குன்னூருக்கு ரசம் கொண்டுவந்த முதல் ஆள் இவராகத்தான் இருக்கும். "பஸ்ஸுல கொஞ்சம் சிந்திப்போச்சு கண்ணு" என்றார். நான் மூன்று டம்ளர் குடித்தேன். பசி, அவ்வளவுதான்.

நாளை மறுநாள் காலை கிளம்புகிறோம்.

அக்டோபர் 28, திங்கள்

உதை: 19! எண்ணும்போது நான் சிரித்துக்கொண்டிருந்தேன். அதனால் இரண்டு மூன்று கூடக் குறைய இருக்கலாம்.

எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன்.

அப்பா பள்ளிக்கூடம் போனார். அம்மா ரேஷன் கடைக்குப் போனாள். நான் சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். அத்தை துணி காயப்போட முற்றத்துக்குப் போனவர், ஈரத் துணியைத் தோளில் போட்டபடி லில்லி அக்கா சுவரையும் எங்கள் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏன் கண்ணு, அந்தச் செவுருல அத்தனை தண்ணி வருது, உங்குளுதுல ஒரு பொட்டுக்கூடக் காணோமே?"

"எங்களுது பூசியிருக்கு அத்தை."

"கல்கட்டை எவனாச்சும் பூசுவானா? எங்க தோட்டத்துல கெணத்துக்குள்ள கட்டுற கல்லுக்குப் பூச்சே பூச மாட்டாங்க. அடைச்சா ஊத்துத் தண்ணி சும்மா இருக்குமா? கட்டையே தள்ளிப்போட்டுட்டு வந்துரும்."

"பூச்சுல ஓட்டை விட்டிருக்கு" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"எங்க?"

அவ்வளவுதான். அழுகை உடைத்துக்கொண்டு வந்தது. சொல்லிவிட்டேன். சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன். முதல் நாள் எழுதியது பொய். பூசச் சொன்னது அப்பா இல்லை, நான். கரடுமுரடான கல்லுக்கு முன்னால் போட்டோ எடுத்தால் அசிங்கமாக இருக்கும் என்று ஒரு வாரம் சாப்பிடாமல் அடம் பிடித்தேன். அப்பா பூசினார், வரைந்தார். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் மழை பெய்து, தோகைக் கண் ஒன்பதிலிருந்தும் செம்மண் தண்ணீர் வழிந்து, மயில் முழுக்கச் சேற்றுக் கோடு. நலங்குக்கு இருபது பேர் போட்டோ பிடிக்க நிற்பார்கள். அப்பாவின் மயில் மூக்கொழுகிக்கொண்டு நிற்கும். யாருக்கும் தெரியாமல் தையல்காரர் கொடுத்த வெட்டுத் துணியை உருட்டி ஒன்பது பைப்பிலும் திணித்தேன். அதன் மேல் வெள்ளை சிமெண்ட் அப்பினேன். காய்ந்ததும் என் கருநீல நெயில் பாலிஷ் அடித்தேன். தூரத்திலிருந்து பார்த்தால் ஓட்டை போலவே இருக்கும். போட்டோ முடிந்ததும் எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அப்புறம் கல்யாணம், திருப்பூர், எல்லாம் மறந்தே போனது. மழை பிடித்த அன்று சொட்டே வராத கண்களைப் பார்த்தபோதுதான் நினைவு வந்தது. ஜெரால்டு வந்து விரலில் தூசி பார்த்தார். அதற்குப் பிறகு சொல்ல வாய் வரவில்லை. அப்பா அத்தனை நம்பிக்கையாக 'விட்டிருக்கேன்பா' என்கிறார், அவரைப் பழைய மாணவன் முன்னால் எப்படிப் பொய்யராக்குவது?

அத்தை திட்டுவார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். சத்தமே இல்லை. திறந்து பார்த்தால் மனுஷி துணிக் கொடியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறார்.

"நெயில் பாலீசா!" என்றார். மறுபடியும் சிரிப்பு. பிறகு முந்தானையை இழுத்துச் செருகினார். "ஸ்க்ரூ டிரைவர் இருக்குதா ஊட்டுல? எங்க இருக்குதுன்னு மட்டும் சொல்லு, நீ எந்திரிக்காத. வாசப்படி தாண்டி வந்தீன்னா பாரு."

முதல் கண்ணைக் குத்தினார். சிமெண்ட் ஓடு உடைந்தது. துணியைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. காலைச் சுவரில் ஊன்றிக்கொண்டு இழுத்தார். 'பொளக்' என்று ஒரு சத்தம். அவ்வளவு தண்ணீரை நான் எதிர்பார்க்கவில்லை, அத்தையும்தான். செம்மண் தண்ணீர் நேராக மூஞ்சியில். கையில் இருந்த துணியைப் பிழிந்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"ஏ கண்ணு, இது நான் எடுத்துக் குடுத்த முகூர்த்தச் சேலை ஜாக்கெட்டுத் துணியல்ல?"

அப்போது எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். ஒன்று, இரண்டு என்று அத்தை பிடுங்கப் பிடுங்க நான் எண்ணினேன். மேல் வரிசைக்கு அப்பாவின் ஏணி. ஐம்பத்தைந்து வயதில் ஏணியில் நிற்கிற ஆள்தான் என்னைக் குனியாதே என்பார். அம்மா அரிசிப் பையோடு வந்தபோது ஒன்பது கண்ணும் கொட்டிக்கொண்டிருந்தது. அம்மா பையைக் கீழே வைத்துவிட்டு, "சம்பந்தியம்மா, குளிக்கச் சுடுதண்ணி போடட்டுமா?" என்றாள். வேறெதுவும் கேட்கவில்லை.

சாயங்காலம் அப்பா வந்தார். செருப்பைக் கழற்றாமல் முற்றத்துக்குப் போய், ஒரு கண்ணின் கீழே உள்ளங்கையை நீட்டினார். மயில் முழுக்கச் சேற்றுக் கோடு. இரண்டு மாத வேலை.

"ஒன்பதுமா?" என்றார்.

"ஒன்பதும்" என்றார் அத்தை.

அப்பா நீளமாக மூச்சு விட்டார். அதற்குள் அம்மா டீ கொண்டுவந்துவிட்டாள்.

அக்டோபர் 29, செவ்வாய்

உதை: 14.

ஜெரால்டு வந்து எல்லாவற்றையும் கேட்டார். சிரிக்காமல் இருக்க மிகவும் பாடுபட்டார். மேட்டில் தண்ணீர் திரும்பிப் போக வாய்க்கால் வெட்டச் சொன்னார். புதிதாக இரண்டு கண்ணாடி ஒட்டினார். "பத்து நாள் மழையைத் தாங்கட்டும். அப்புறம் சொல்றேன். அதுவரைக்கும் யாரும் பின்பக்க ரூம்ல படுக்காதீங்க."

வாய்க்காலை அத்தையும் அப்பாவும் வெட்டினார்கள். ஊருக்குப் போகும் பஸ் பற்றி யாரும் பேசவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

அக்டோபர் 31, வியாழன்

உதை: 16. கண்ணாடி: முழுசு.

தீபாவளி. பூபதி வந்துவிட்டார். மத்தாப்பு நனைந்து போய் ஒன்றும் எரியவில்லை. முன் அறையில் ஐந்து பேரும் வரிசையாகப் பாய் விரித்துப் படுத்திருக்கிறோம். அம்மாவுக்கு ரசம் வைக்கக் கற்றுக்கொடுக்க அத்தை எடுத்த முயற்சி தோல்வி.

நவம்பர் 4, திங்கள்

உதை: 13. கண்ணாடி: முழுசு. பேய் மழை. மயில் ஒன்பது கண்ணாலும் அழுகிறது, நாங்கள் சந்தோஷமாக இருக்கிறோம்.

நவம்பர் 6, புதன்

உதை: 12. கண்ணாடி: முழுசு.

நவம்பர் 9, சனி

உதை: 15. கண்ணாடி: இரண்டும் முழுசு!

ஜெரால்டு உப்பலை மறுபடி அளந்தார். நூலளவுகூட மாறவில்லை. "புதுச் சுவர் வேண்டாம் சார். தண்ணிக்கு வழி விட்டாச்சு, இனி பழசே நிக்கும். கழுத்துகிட்ட உப்பின இடத்தை மட்டும் தை மாசம் மழை நின்னதும் பிரிச்சு அடுக்கிடலாம்."

அம்மா பையிலிருந்த தொட்டில் துணிகளை எடுத்துத் திரும்ப அலமாரியில் அடுக்கினாள். ஒவ்வொன்றையும் மறுபடி பிரித்து மறுபடி மடித்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். இவ்வளவு சந்தோஷத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அத்தை ஊருக்குக் கிளம்புவதாகச் சொன்னார். "பிரசவம் வரைக்கும் இருங்களேன்" என்றேன். அம்மாவுக்கு உதவியாக இருக்கும் என்றுதான். ரசத்துக்காக என்று யாரும் நினைக்க வேண்டாம். சரி, ரசத்துக்காகவும்தான். அத்தைக்காகவும்தான்.

நவம்பர் 20, புதன்

பெண். மூன்று கிலோ. காலை 10.40. எழுதுவது பூபதி. அவள் தூங்குகிறாள்.

நவம்பர் 24, ஞாயிறு

வீட்டுக்கு வந்துவிட்டோம். டாக்டரம்மா இனி எண்ண வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆனால் நோட்டில் இன்னும் பக்கம் இருக்கிறது.

மதியம் வெயில் அடித்தது. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்திருந்தேன். மயிலின் கண்கள் இப்போது வெறும் பைப் வாய்கள், சுற்றிலும் உடைந்த சிமெண்ட். அப்பா தூரிகையோடு வந்து ஏணியைச் சாய்த்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்து என்னிடம் நீட்டினார்.

கருநீல நெயில் பாலிஷ்.

"ஓட்டையை விட்டுட்டு, சுத்தி மட்டும் வளையம் போட்டுடலாம். உன்னோடது தீர்ந்திருக்குமில்ல? அதே கம்பெனி, அதே நம்பர். அடியில பாரு, முப்பத்தி நாலு."

பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தேன். நெயில் பாலிஷ் கதை இப்போது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், ஆனால் நம்பரை அத்தை சத்தியமாகச் சொல்லியிருக்க மாட்டார். அவருக்கே அது தெரியாது.

"அப்பா, உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"நலங்கன்னிக்குக் காலையிலயே. முப்பது வருஷமா பெயிண்டோட இருக்கேன், என் கலர் எது, உன் கலர் எதுன்னு தெரியாதா? பாட்டில் உன் மேஜை மேலயே திறந்து கிடந்தது."

"அப்புறம் ஏன் எடுக்கல? ஜெரால்டு கேட்டப்பவாவது சொல்லியிருக்கலாமில்ல?"

அப்பா ஏணியின் கால் சரியாக ஊன்றியிருக்கிறதா என்று நெடுநேரம் பார்த்தார்.

"அன்னிக்கு எடுக்கலாம்னுதான் போனேன். பார்த்தா, நான் போட்ட கண்ணைவிட நீ போட்டது நல்லா இருந்துச்சு. எடுக்க மனசு வரல. ஜெரால்டு கேட்டப்ப... மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா உன்னைத்தானே சொல்வாங்க? நானே எடுத்துடலாம்னு விடியக்காலையில குடைக்கம்பியை விட்டு நோண்டினேன். என்னதான் திணிச்சியோ, கம்பி முறிஞ்சுது."

ஆக, நான் அவரைக் காப்பாற்ற வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவர் என்னைக் காப்பாற்ற வாயை மூடிக்கொண்டிருந்தார். நடுவில் சுவரையும் மூடி வைத்திருந்தோம். சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த அத்தை எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, "இந்தக் குடும்பத்துல எதையாச்சும் வெளிய வுட்டாத்தான் வூடு நிக்கும் போல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அப்பா குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். நான் ஏணியின் முதல் படியில் ஏறப் போனேன். உள்ளேயிருந்து குரல் வந்தது: "ஏறாத கண்ணு!" சரி என்று தரையில் நின்றபடி, கைக்கு எட்டிய கீழ் வரிசைக் கண்ணுக்கு முதல் வளையத்தை நானே போட்டேன். மீதியை அப்பா சாயங்காலம் போடுவார்.

உதை: 1. அப்பாவின் தாடையில்.